மனை காணுமுன் வழி காண்க

மலைநாட்டுத் தோட்டங்களில் இருநூறு ஆண்டுக்காலம் எவரும் கேட்டறியாத வினா ஒன்று இன்று வீடுதோறும் எழுகின்றது. எங்கே குடியிருப்பது என்பதே அவ்வினா. லயத்திலே பிறந்தவனுக்கு இவ்வினா எழ இடமே இருந்ததில்லை. அவன் பிறந்த காம்பராவை அவனுடைய தந்தையும் தேர்ந்ததில்லை, பாட்டனும் தேர்ந்ததில்லை. தேர்ந்தவர் தோட்டத்துரை. பீலி நீர் கிட்டுமா, பெரட்டுக்களம் அண்மையில் உளதா, கணக்கப்பிள்ளையின் குரல் எட்டுமா என்பனவே அவர் பார்த்தவை. அவ்வாறு பார்த்த இடத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாய் எழுந்தன. அவற்றுள் வாழப்போகின்றவன், மழைக்காலத்தில் அந்த மண் என்ன செய்யும் என்று கேட்பதற்கு வாய்ப்பில்லை. கேட்டாலும் விடை சொல்வாரில்லை.

இந்நிலை மெல்ல மாறிவருகின்றது. ஏறத்தாழ 2015ஆம் ஆண்டு தொடக்கம், குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்னும் கொள்கை செயலுக்கு வந்தது. இந்திய அரசின் உதவியுடன் 4,000 வீடுகள் திட்டமிடப்பெற்றன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். மறு ஆண்டில், பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை ஒன்று சட்டத்தால் அமைந்தது. இவை ஒருபுறமிருக்க, லயத்திலிருந்து படித்து மேலெழுந்த ஆசிரியரும் எழுதுவினைஞரும், கொழும்புக் கடைகளில் உழைத்துச் சிறிது பொருள் சேர்த்த இளைஞரும், ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை முதலிய நகரங்களின் விளிம்பிலே தாமே காணி தேடுகின்றனர். அரசு தரும் காணியாயினும் தாமே வாங்கும் காணியாயினும், 'இவ்விடம் நமக்கு ஆகுமா?' என்று பார்த்துத் தெளியும் பொறுப்பு முதன்முறையாக நம்மவர் தலைமேல் வந்திருக்கின்றது.

பார்த்துத் தெளிவது எவ்வாறு? மனையடி சாத்திரம் வல்லாரை அழைத்து வாசலின் திசை கேட்கின்றோம், நாள் பார்க்கின்றோம், நிலைக்கதவுக்கு மஞ்சள் பூசுகின்றோம். அச்சாத்திரத்தை நான் இகழ்பவன் அல்லன். எனினும் அது சமநிலத்திலே பிறந்த சாத்திரம். கிழக்கு நோக்கி வாசல் வைக்க என்று அது விதிக்கும்; கிழக்கே நாற்பதடி உயரத்துக்கு மண்மேடு செங்குத்தாய் நின்றால் யாது செய்வது என்பதற்கு அதனிடம் விடையில்லை. மலையிலே மனை கோலுவோன் வேறொரு நூலைத்தான் நாடவேண்டும். அந்நூல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளாக உண்டு. மலைபடுகடாம் என்பது அதன் பெயர்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இதனைக் கூத்தராற்றுப்படை என்றுஞ் சொல்லுவர். பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நன்னன். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவதாக அமைந்த 583 அடிகள் கொண்ட பாட்டு. மாணவர் இதனை மலையொலிகளின் வருணனைக்காகப் படிக்கின்றனர். தேர்வுக்கு அதுவே போதும். ஆனால் பாட்டின் பெரும்பகுதி வருணனை அன்று, எச்சரிக்கை. எந்தச் சிறு வழியில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், அவ்வழியை எப்பொழுது கடக்கவேண்டும். எங்கே குழிகளில் பாம்பு கிடக்கும். தினைப்புனங் காப்போர் யானையை வெருட்ட எறியும் கவண்கல் எப்பக்கமிருந்து வரும், அப்போது எம்மரத்தின் பின் மறைவது. பாசி படர்ந்து அடி வழுக்கும் இடத்தில் எதனைப் பற்றிக்கொண்டு நடப்பது என்றெல்லாம், குழந்தையின் கைபிடித்து அழைத்துச் செல்பவன்போல அக்கூத்தன் சொல்லிச் செல்கின்றான். நாட்டின் வளத்தைப் புகழுமுன் நடப்பவனின் காலைப் பற்றி நினைத்தான் புலவன். (பத்துப்பாட்டு மேற்கணக்கு நூல்களுள் அடங்கும் என்பதை அறிவோம். நம் தோட்டங்களிலோ மேல்பிரிவை 'மேல்கணக்கு' என்றும் கீழ்ப்பிரிவைப் 'பணிய கணக்கு' என்றும் மக்கள் வழங்குகின்றனர். 'நீ எந்தக் கணக்கு?' என்று ஒருவர் கேட்க, பண்டிதர் ஒருவர் 'பதினெண்கீழ்க்கணக்கு' என்று விடை பகர்ந்ததாக எங்கள் வட்டாரத்தில் ஒரு நகைச்சுவை உண்டு.)

அப்பழைய அச்சங்கள் ஒவ்வொன்றும் பெயர் மாறி இன்றும் நம் மலைகளில் உள்ளன. பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு இன்றும் தேயிலை மலைகளில் உண்டு. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி, லக்சபான தோட்டப்பகுதியில் அத்தகைய சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை ஒன்று பின்னர் இறந்ததை நாடே பேசியது. சிறுத்தை அங்கே நடமாடுகின்றது என்பதும், அதே தடத்தில் நம் பிள்ளைகளும் நடக்கின்றனர் என்பதும் அச்செய்தியின் மறுபக்கம். பாம்பினும் கொடியது குளவி. மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் கூடு கட்டியிருக்கும் குளவி, கழுகோ காற்றோ தீண்டிக் கலைந்ததும் கொழுந்து கொய்வோர்மேல் பாய்கின்றது. குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்பட்டோர் பற்றிய செய்தி இல்லாத மாதமே அரிது. கவண்கல்லுக்கு ஈடாக, வீதி அகலிக்க வெட்டிய மேட்டிலிருந்து மழைநாளில் உருளும் கல் உண்டு. பாசியோ அன்று போலவே இன்றும் பாசிதான்.

இவற்றுள் முதலிற் பார்க்கவேண்டியது மண். மண்ணைப் பார்க்க வேண்டிய காலம் மழைக்காலம். காணி காட்டுவோர் வெயில் காயும் பெப்ரவரியில் அழைத்துச் சென்று காட்டுவர். அம்மாதத்தில் மலைநாட்டில் அழகில்லாத காணி கிடையாது. ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளை முதலிய மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி கழிந்து கொட்டத் தொடங்கும். வட்டவளை இலங்கையிலேயே மிக்க மழை பெறும் இடங்களுள் ஒன்று. அங்கே காணி கொள்வோர் ஆனி, ஆடியிற் சென்று காணவேண்டும். இராகலை, வலப்பனைப் பக்கத்துக் கிழக்குச் சரிவுகளுக்கோ மார்கழி, தைதான் மழை. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை சரிந்து உயிர்கள் மாண்டமை அவ்வடகீழ்ப் பருவத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையிலோ இருபுறமும் மழை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதிற் பெரும்பங்கு மலையகத்தின் மண்ணடியிலே போயிற்று. பாதுகாப்பானவை என்று பல்லாண்டு கருதப்பட்ட மேடுகளும் அந்த இரண்டு மூன்று நாட்களில் இறங்கின.

மண் இறங்குமுன் சொல்லாமல் இறங்குவதில்லை. சுவரிலும் தரையிலும் புதிய வெடிப்பு. நேற்றுவரை திறந்த கதவு இன்று நிலையிலே இறுகுதல். நேர் நின்ற மரமும் மின்கம்பமும் சாய்தல். இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், இருந்த ஊற்று வற்றுதல், தெளிந்த பீலி திடீரெனச் சேறாக ஓடுதல்: இவை மலையின் மொழி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இவற்றையே மக்களுக்கு எடுத்துச் சொல்லி வருகின்றது. மழையின் அளவையும் அது வகுத்துரைக்கின்றது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருத்தல். 100 பெய்தால் புறப்பட ஆயத்தமாதல். 150ஐ எட்டினால் இடம்விட்டு அகலுதல். இம்மூன்று எண்களையும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலையும் வாய்பாட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். மண்சரிவுக்கு இலக்காகும் மாவட்டங்களில் கட்டடம் எழுப்புவதற்கு அந்நிறுவனத்தின் பரிந்துரை பெறும் நடைமுறை 2011 முதல் உண்டு. காணி விற்போரிடம் உறுதியைக் கேட்பது போல இப்பரிந்துரையையும் கேட்கவேண்டும். 'பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் கட்டிவிட்டார்கள்' என்பது பரிந்துரை ஆகாது.

நான் இவற்றினும் மேலாகக் கொள்வது ஒன்றுண்டு. அது கான். தேயிலை மலையின் குறுக்கே, மழைநீர் மண்ணுள் இறங்காமல் வழிந்தோடப் பாட்டன்மார் வெட்டிய கான்களே அம்மலைகளை நூற்றைம்பது ஆண்டு தாங்கி நின்றன. இன்று பல தோட்டங்களில் கான் வெட்ட ஆளில்லை. தேயிலை கைவிடப்பட்டுக் காடேறிய மலைகளில் கான் இருந்த இடமே தெரியவில்லை. நீர் நின்ற இடத்திலேயே உள்ளிறங்குகின்றது. ஆதலால் காணியைப் பார்ப்போன் காணியில் நின்று கீழே பள்ளத்தாக்கைப் பார்க்கலாகாது. திரும்பி நின்று மேலே பார்க்கவேண்டும். மேலுள்ள மலை யாருடையது, அதன் கான் யார் பொறுப்பு, கடைசியாக எந்த ஆண்டு துப்புரவு செய்யப்பட்டது என்று விசாரிக்கவேண்டும். அதற்கு விடை தரவல்லார் கந்தோரில் இருப்பவர் அல்லர். கவ்வாத்தும் கானும் வெட்டி ஓய்ந்த முதியோர். அவர்களோடு அரைநாள் மலையேறுவது அளவைக்காரரின் வரைபடத்தை அரைநாள் பார்ப்பதினும் பயனுடைத்து.

ஊவாப் பக்கத்து மீரியபெத்தையை இங்கே நினையாதிருத்தல் இயலாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடில்லை, சிலருக்குப் பெற்றோருமில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அங்ஙனமாயின் மக்கள் ஏன் அகலவில்லை? அறியாமை என்றனர் சிலர். பிடிவாதம் என்றனர் வேறு சிலர். கொழும்பிலே நாற்காலியில் இருந்து இவ்வாறு சொல்வது எளிது. அம்மக்களின் வேலை மலை அங்கே, பிள்ளைக் காம்பரா அங்கே, பாடசாலை அங்கே, மாரியம்மன் கோயில் அங்கே. 'இங்கிருந்து போ' என்று எழுதிய தாளில் 'இங்கே வா' என்று எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தாலும், அவ்விடத்திலிருந்து இவற்றுக்கெல்லாம் நடந்துவர வழியுண்டா என்பதைப் பற்றி ஒரு வரியும் இருந்திராது.

எனவேதான் பாதுகாப்பு வேறு, நடைவழி வேறு என்று பிரித்துப் பார்ப்பதை நான் ஒப்புவதில்லை. மண் உறுதியான மேட்டிலே நல்ல வீடு கட்டிக் கொடுத்தாலும், அங்கிருந்து பிள்ளை பாடசாலைக்கும் தாய் மலைக்கும் நோயாளி வைத்தியசாலைக்கும் நடந்து செல்ல இயலாதாயின், அக்குடும்பம் ஓராண்டில் பழைய லயத்துக்குத் திரும்பும். எச்சரிக்கைப் பலகை நட்ட அதே லயத்துக்குத்தான் திரும்பும். கட்டி முடித்தும், நீரும் வழியும் மின்சாரமும் வந்து சேராமையால் பூட்டிக் கிடந்த புதிய வீடுகளைப் பற்றிப் பத்திரிகைகளிற் படித்திருக்கின்றோம். வீடு பாதுகாப்பாக இருந்தது. அதிற் குடியிருக்கத்தான் எவருமில்லை.

நம் மக்களுக்கு நடை புதிதன்று. முன்னோர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள்; வழியிலே மடிந்தோர் தொகை எவரும் எண்ணி முடிக்கவில்லை. அந்நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில் அதே வழியில் நடைபவனி ஒன்று சென்றது. ஆயினும் நடக்கப் பழகியவர் என்பதனால் வழியே வேண்டாதவர் ஆகிவிடுவாரோ? தோட்டங்களின் வழிகள் நடப்போர்க்காகப் போடப்பட்டவை அல்ல. வண்டிப்பாதை தேயிலை கொண்டு செல்ல. அது மலையைச் சுற்றிச் சுற்றிச் செல்லும். நடப்போர்க்குரியது குறுக்கு. தேயிலைச் செடிகளிடையே நேரே இறங்கும் குறுக்கிலே படியென்று ஒன்றிருந்தால் அது பக்கத்து லயத்து இளைஞர் ஞாயிற்றுக்கிழமையில் வெட்டி வைத்த மண்படியாக இருக்கும். இரண்டு மழைக்குத் தாங்கும்.

இதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. வாசகர் பலர் அறிந்திலர். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் வீதி முதலியவற்றுக்குச் சபைகள் தம் பணத்தைச் செலவிடத் தடையாய் இருந்தது. வாக்களிக்கலாம், வாக்களித்த சபையிடம் ஒரு கல்வெட்டுப் பாலம் கேட்கலாகாது! 2018இல் இப்பிரிவு திருத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே நுவரெலியாவும் அம்பகமுவையும் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகளும் இயங்கத் தொடங்கின. தடை நீங்கியது, வழி தானே வந்துவிடுமா? காணி தேடுவோர், 'இவ்வழி யாருடையது? தோட்டத்ததா, சபையினதா, வீதி அபிவிருத்தி அதிகார சபையினதா?' என்று முன்கூட்டியே கேட்டு எழுத்திலே பெறுதல் நன்று. தோட்டமும் அன்று, கிராமமும் அன்று, நகரமும் அன்று என்று மூன்றுங்கெட்டு நிற்கும் இடங்களில், இடிந்த மதகை எவரும் தமதென்று ஒப்புவதில்லை.

வழியை அளக்கும் கோல் மைல் அன்று. அளக்க வேண்டியது யார் காலால் என்பது. இருபது வயது இளைஞன், 'நகரம் பதினைந்து நிமிடந்தான்' என்பான், உண்மையே. அவனுடைய ஏழு வயதுத் தங்கை மழைக்கோட்டும் புத்தகப் பையுமாய் அதே வழியில் எத்தனை நிமிடம்? தலையிலே விறகுக் கட்டோடு ஏறும் தாய்க்கு? நிறைமாதக் கர்ப்பிணிக்கு? '1990' என்று அழைத்தால் வரும் சுவசெரிய நோயாளர் காவு வண்டி நம் நாட்டின் நற்பேறுகளுள் ஒன்று. ஆனால் அது எந்த இடம்வரை வரும்? அவ்விடத்திலிருந்து வீடுவரை உள்ள தூரத்தை எத்தனை பேர் கம்பளியில் நோயாளியைக் கட்டித் தூக்கி இறங்கவேண்டும்? இதற்கு விடை தெரியாமல் காணிக்கு முற்பணம் கொடுக்கலாகாது.

புகைவண்டிப் பாதைபற்றி ஒரு சொல். 1885இல் நானுஓயாவை எட்டிய இப்பாதை தோட்டங்களின் நடுவே செல்கின்றது. சாய்வு குறைந்தது, சேறில்லாதது, நேராய்ச் செல்வது. ஆதலின் அதன்மீது நடப்பது நம்மவர் வழக்கமாயிற்று. சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விடுவோம், கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில், இம்மலைப்பாதையில் மிக நீண்டதாகிய சிங்கமலைச் சுரங்கம் இருக்கின்றது. மூடுபனியில் வளைவு கடந்து வரும் வண்டியின் ஒலியை மழை விழுங்கிவிடும். 'பாதை பக்கத்திலேயே' என்று விற்போர் சொன்னால் அது எப்பாதை என்று கேட்டறிக. தண்டவாளம் பாதையன்று. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியே நுவரெலியா செல்லும் பெருவீதியும் பல வளைவுகளில் நடப்போர்க்கு ஓரடி நிலமும் விட்டுவைக்கவில்லை. ஒருபுறம் கான், மறுபுறம் பள்ளம், நடுவே பஸ் வண்டி. பெருவீதி ஓரத்து மனைக்கு விலை மிகுதி. அவ்வோரத்திலே பிள்ளையை நடக்கவிடுவோர் அவ்விலைக்கு மேலும் ஒன்று கொடுக்கின்றனர்.

மனிதரால் வரும் அச்சத்தைப் பற்றிப் பேச நம்மவர் கூசுவர். பெண்மக்களைப் பெற்றோர் கூசலாகாது. ஒரு சுற்றாடல் நல்லதா என்பதைச் சம்பள நாளின் மாலை ஆறரை மணிக்குச் சென்று பார்க்கவேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு எவ்விடமும் உத்தமந்தான். மதுக்கடை எங்கே, அதிலிருந்து வெளிவருவோர் எவ்வழி செல்வர், பிரத்தியேக வகுப்பு முடிந்து வரும் மாணவியின் வழியும் அதுவோ? எந்த வளைவில் விளக்கில்லை? எந்த இடத்தில் கூப்பிட்டால் எவருக்கும் கேளாது?

ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1961இல் நகரங்களைப் பற்றி நூலொன்று எழுதினார். அவர் நகரமைப்புப் பட்டம் பெற்றவர் அல்லர்; நியூயோர்க்கிலே தம் வீட்டுத் தெருவை உற்று நோக்கியவர். தெருவைக் காப்போர் காவற்படையினர் மட்டுமல்லர். கடைக்காரரும், சன்னலில் நிற்கும் கிழவியும், வாசலில் அமர்ந்திருப்போருமாகிய பலருடைய கண்களே அதைக் காக்கின்றன என்பது அவர் கண்டது. இதைப் படித்தபோது எனக்கு லயத்து இஸ்தோப்பு நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு காம்பரா இஸ்தோப்பும் ஒரே முற்றத்தை நோக்கியிருக்கும். அந்நியன் ஒருவன் அம்முற்றத்தைக் கடந்தால் பன்னிரண்டு வீடும் அறியும். லயத்தின் கேடுகளை நான் மறைக்கவில்லை. ஒரு காம்பராவில் பற்றிய தீ ஒரே கூரைவழி ஓடி அத்தனை காம்பராவையும் உண்பதைப் பன்முறை கண்டிருக்கின்றோம். ஒட்டிய சுவரினூடே அந்தரங்கம் என்பது இல்லை. தனிவீடு வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் தனிவீடு கட்டும்போது கண்களையும் சேர்த்து இடித்துவிடுகின்றோம். புதிய கிராமங்கள் சிலவற்றில் ஒரு வீட்டின் முன்வாசல் மற்றொரு வீட்டின் பின்சுவரை நோக்கி நிற்கின்றது. நடைவழியை நோக்கிச் சன்னலே இல்லை. வாசல்கள் வழியை நோக்கினால் செலவு ஒரு காசும் கூடாது. மூலையிலே ஒரு சிறு கடைக்கும், முதியோர் அமர ஒரு திண்ணைக்கும் இடம் விட்டால் இன்னும் நன்று. அத்திண்ணையில் இருப்போர் வீண்பேச்சுப் பேசுவர் என்று குறை கூறுவோருண்டு. பேசட்டும், இருட்டு வேளையில் தனியே வரும் பெண்ணுக்கு அவ்வீண்பேச்சின் ஒலியைவிட நல்ல துணை எது?

இவ்வளவும் தேர்ந்துகொள்ளும் நிலையிலுள்ளோர்க்கு. பெரும்பாலார்க்கு அந்நிலை இன்னும் வாய்க்கவில்லை. பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் ஒட்டப்படுகின்றது, வீட்டிலக்கம் கொடுக்கப்படுகின்றது, அடிக்கல் நாட்டும் நாளில்தான் குடும்பம் முதன்முதலாக அந்நிலத்தை மிதிக்கின்றது. அன்று மேளமும் மாலையும் இருக்கும். கானைப்பற்றிக் கேட்பது அபசகுனமாகத் தோன்றும். இலக்கம் கொடுக்குமுன், மழை பெய்யும் ஒரு நாளில், குடும்பத் தலைவரை மட்டுமன்றிப் பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, பாடசாலையிலிருந்து அந்நிலம்வரை நடக்கவிட்டால் என்ன? அதிகாரிகளும் உடன் நடந்தால் இன்னும் சிறப்பு. வாகனம் வேண்டாம்.

மலைபடுகடாத்துக் கூத்தன் சொல்வனவற்றுள் சிறியதொன்று இப்பொழுது நினைவுக்கு வருகின்றது. வழிகள் கவர்த்துப் பிரியும் இடத்தில், பின்னே வரும் புதியவர் மயங்காதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கின்றான். நம் வகுப்பறைகளிலும் அப்புல் முடியப்பட்டுத்தான் இருக்கின்றது, நாம் பார்ப்பதில்லை. 'நான் பாடசாலைக்கு வரும் வழி' என்னும் தலைப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குக் கட்டுரை கொடுத்தேன். வழமைபோல 'எழில் கொஞ்சும் மலைகள்' என்று தொடங்கவேண்டாம், கண்டதை எழுதுக என்று மட்டும் சொன்னேன். ஒருவன் குறுக்கிலே உள்ள மண்படிகளை எண்ணி, அவற்றுள் உடைந்தவை எத்தனை என்று எழுதியிருந்தான். ஒருத்தி குளவிக்கூடு உள்ள மரத்தையும், அதன்கீழ் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுச் செல்வதையும் எழுதினாள். சப்பாத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி, வீதியோரப் பீலியில் கால் கழுவி அணிந்துகொள்வதைப் பலரும் எழுதினர். அது அவர்களுக்குக் குறையாகத் தோன்றவில்லை. மற்றொருத்தி, புதிய வீட்டுக்குப் போன பின் தான் வரும் வழியை அரைப்பக்கம் எழுதி, ஓடையருகே வந்ததும் நிறுத்தி, 'மழை நாளில் இந்த வழி இல்லை' என்று முடித்திருந்தாள்.

அக்கொப்பிகள் முப்பத்தொன்றும் எங்கள் ஆசிரியர் அறை அலுமாரியில் இருக்கின்றன. காணி அளக்க வரும் உத்தியோகத்தர் எவரேனும் கேட்டால் எடுத்துக் கொடுப்போம்.